நோய்க்கு வைத்த சின்னப் பெயர்

மலையில் அந்தக் காலத்தில் தொலைக்காட்சி ஒழுங்காகத் தெரியாது. என் கணவர் கூரையில் ஏறி ஏரியலைத் திருப்புவார். நாங்கள் கீழே இருந்து "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஐயோ போச்சு" என்று கத்துவோம். எண்பதுகளின் கடைசியில் ஒரு சாயங்காலம் அப்படிக் கத்திப் பிடித்த படத்தில், உலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் ஒரு நோயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எய்ட்ஸ் என்றார்கள். குரலே பயமுறுத்துவதாக இருந்தது. தோட்டத்து வீட்டு வரிசையான எங்கள் லயத்துப் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டுக்காரர், "இந்த மாதிரி ஆளையெல்லாம் லைன் பக்கமே சேக்கக் கூடாதுலா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். தரையில் உட்கார்ந்து கச்சான் கடலை உரித்துக்கொண்டிருந்த என் அக்கா தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்: "ஏன், அதுக்கு யாரும் இன்னும் ஒரு சின்னப் பேரா வைக்கலையா?"

யாருக்கும் புரியவில்லை. எனக்கு மட்டும் புரிந்தது. சிரிப்பு வந்துவிடப்போகிறதே என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. என் கணவருடைய அண்ணன் மனைவி. ஓரகத்தி என்று அதற்கு ஒரு சொல் உண்டு. அதைச் சொல்லும்போதே அடுப்படியில் இரண்டு பெண்கள் முறைத்துக்கொண்டு நிற்பதுபோல இருக்கும். நாங்களும் முறைத்துக்கொண்டவர்கள்தான், அதற்கொன்றும் குறைச்சல் இல்லை. எழுபதுகளின் நடுவில் நான் கல்யாணமாகி இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தபோது, ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடு எங்களுக்கு. இரண்டு பேரும் ஒரே கூட்டத்தில் கத்தரி பிடித்துக் கொழுந்து வெட்டப் போவோம். அவள் அதிகம் பேசமாட்டாள். நான் எதைப் பார்த்தாலும் ஏன், எதற்கு என்று கேட்காமல் விடமாட்டேன். "உன் வாயில கத்தரிய வச்சா மலை முழுக்க ஒரே நாள்ல வெட்டிடலாம்" என்பாள்.

குளிரும் பனியும் உள்ள இடத்தில் இருமாதவர் யார்? அதனால் நான் வந்து கொஞ்ச காலத்தில் அவளுக்கு வந்த இருமலை முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ரவிக்கை தொளதொளவென்று ஆனது. மேட்டில் ஏறும்போது பாதியில் நின்று இடுப்பைப் பிடித்துக்கொள்வாள். ஒருநாள் வாயைத் துடைத்த துண்டை அவசரமாக மடித்து மறைத்ததை நான் பார்த்துவிட்டேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவரை டிரசர் என்போம். அவர் அவளைப் பார்த்த மாத்திரத்தில் தோட்டத்து வேனில் ஏற்றி, மலையடிவாரத்து டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். கூடப் போனவர் அவள் கணவர், எனக்குப் பெரிய மாமா. மறுநாள் அவர் தனியாகத் திரும்பி வந்தார். லயமே வாசலில் கூடி நின்றது.

"பாத்தோ கெரிங்னு சொன்னாங்க. மலாய் டாக்டரம்மா" என்றார் பெரிய மாமா. "வறட்டு இருமல்தான். ஒண்ணும் பயமில்ல. ரெண்டு மூணு மாசம் வார்டுல வச்சுப் பாப்பாங்களாம்."

லயம் மூச்சு விட்டது. "வறட்டு இருமலுக்கு வார்டா? கவர்மெண்ட் ஆஸ்பத்திரில கட்டில் காலியா கெடக்கு போல" என்று யாரோ கேலி செய்ய, எல்லோரும் சிரித்துக் கலைந்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாத்தோ என்றால் இருமல், கெரிங் என்றால் காய்ந்தது. சொல்லுக்குச் சொல் பெரிய மாமா சொன்னது சரிதான். ஆனால் நான் பிறந்து வளர்ந்தது கீழே ரப்பர் தோட்டத்தில், கம்பம் என்கிற மலாய்க் கிராமத்துக்குப் பக்கத்தில். அந்த இரண்டு சொல்லும் சேர்ந்துவிட்டால் மலாய்க்காரர்களுக்கு அது வறட்டு இருமல் அல்ல, காசம். நம் ஆட்கள் எலும்புருக்கி என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்களே, அது.

ஏன் அப்போதே வாயைத் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். மேல் லயத்தில் ஒருவருக்கு அந்த நோய் வந்து பட்ட பாட்டை, நான் அங்கே வந்த நாள் முதலாகக் கேட்டிருந்தேன். காய்கறிக் கொல்லை ஓரத்தில் ஒரு தகரக் குடிசை போட்டு அவரை அங்கே வைத்தார்கள். சாப்பாட்டைத் தூர வைத்துவிட்டுக் கூப்பிட்டுவிட்டு வருவார்கள். அவர் பெண்டாட்டி குழாயடிக்கு வந்தால் மற்றவர்கள் வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். மருந்துக்குப் போகவும் கூட ஆளில்லாமல், போவதையே விட்டுவிட்டு, அவர் அங்கேயே செத்துப்போனார். அக்காவுக்கு அப்போது இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. அம்மாவுக்கு எலும்புருக்கி என்று தெரிந்தால், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகையில் அந்தக் குழந்தையை யார் மடியில் வைத்துக்கொள்வார்கள்?

வார்டுக்குப் பார்க்கப் போனபோது அக்கா வராந்தாவில் வெயிலில் உட்கார்ந்திருந்தாள். நான் சுற்றி வளைத்துப் பேச ஆரம்பிக்க, அவளே வெட்டிவிட்டாள். "எனக்குத் தெரியும். தமிழ் நர்ஸ் ஒருத்தவங்க எல்லாத்தையும் சொல்லிட்டாங்க."

"மாமாவுக்கு?"

"அவரு வச்ச பேரே இருக்கட்டும்" என்றாள். "நீ வாயப் பொளந்து வச்சிடாதே."

இதில் ஒரு விஷயம் இன்றுவரை என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது. பெரிய மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து ஊரான கோலா தெர்லாவுக்குப் போய்க் காய்கறி லோரிக்காரர்களோடு மலாயில் பேரம் பேசி, அவர்களையே மடக்கிவிட்டு வருகிறவர். அவருக்கா பாத்தோ கெரிங் தெரியாது? உண்மையிலேயே தவறாகப் புரிந்துகொண்டாரா, வேனில் ஏறி வருகிற வழியெல்லாம் யோசித்து அந்தப் பெயரை வைத்தாரா? கணவருடைய அண்ணனிடம் நேருக்கு நேர் பேசும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. கேட்க வேண்டியவள் அக்கா. அவளோ இந்த மாதிரிக் கேள்வியெல்லாம் எனக்கென்றே விட்டுவைத்திருந்தாள்.

சில மாதம் கழித்து அக்கா திரும்பினாள். இனி அவளிடமிருந்து யாருக்கும் ஒட்டாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். டிரசர் என்னையும் உட்காரவைத்து விளக்கினார். வாரம் இரண்டு ஊசி, திங்களும் வியாழனும். ஊசி போட்ட கையோடு மாத்திரைகளை அவர் கண் முன்னால் விழுங்க வேண்டும். இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இப்படி. இருமல் நின்றுவிட்டது, உடம்பு தேறிவிட்டது என்று நடுவில் விட்டால் நோய் திரும்ப வரும், அப்படி வந்தால் இந்த மருந்து கேட்காது. "பொழைக்கிறதும் பொழைக்காததும் இனிமே என் கையில இல்ல, இவங்க கால்ல இருக்கு. நடந்து வரணும், அவ்வளவுதான்" என்றார்.

லயத்துப் பெண்கள் அவளைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். வறட்டு இருமலுக்கு வைத்தியம் தெரியாத தமிழ்ப் பெண் எங்கே இருக்கிறாள்? சுக்கு, மிளகு, திப்பிலி என்று கசாயம் வந்தது. பிரிஞ்சாங் ஊரில் தமிழ் முஸ்லிம் நடத்தும் மாமாக் கடையிலிருந்து பனங்கற்கண்டு வந்தது. ஒருத்தி தொண்டையில் தேய்க்க எண்ணெய் காய்ச்சினாள். யாரும் வாளியை நகர்த்தவில்லை, குழந்தையை ஒதுக்கவில்லை. பெரிய மாமா வைத்த சின்னப் பெயர் குடைபோல அவளைக் காப்பாற்றியது.

ஆனால் அதே பெயர் இன்னொரு வேலையும் செய்தது. ஊசி போட்டால் அக்காவுக்குத் தலை சுற்றும். காதுக்குள் ஓயாமல் இரைச்சல் கேட்கும். மாத்திரை விழுங்கினால் குமட்டும். அந்த நிலையில் சரிவில் நின்று கத்தரி பிடிக்க வேண்டும். ஊசி நாளில் விடியற்காலைப் பெரட்டுக்குப் பிந்திவிடுவாள். ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்துவிடுகிற அந்த நேரத்தில் கங்காணி முணுமுணுப்பார். இதற்கு மேல் கசாயம் கொண்டுவருகிற பெண்கள் வேறு, "வறட்டு இருமலுக்கு எதுக்கு வருஷக்கணக்கா ஊசி? உடம்பு சூடு ஏறித்தான் உனக்குத் தலை சுத்துது. விட்டுத் தள்ளு" என்பார்கள். அக்காவின் கன்னத்தில் சதை வைத்துவிட்டது. இருமலும் போய்விட்டது. ஒரு திங்கட்கிழமை அவள் நேராகப் பெரட்டுக்கு வந்து நின்றாள். வியாழக்கிழமையும் அப்படியே.

நான் அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்து பிடிபிடியென்று பிடித்துவிட்டேன். "என்ன நெனச்சுக்கிட்டு இருக்கீங்க? டிரசர் சொன்னது மறந்துபோச்சா?"

"எனக்குத்தான் நல்லாயிடுச்சில்ல."

"யார் சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க. இருமலும் இல்ல. வறட்டு இருமலுக்கு இது போதும்லா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஊரை நம்பவைக்க வைத்துக்கொண்ட பெயரை அவளே நம்பத் தொடங்கிவிட்டாள். நாள் முழுக்க எல்லோரும் அதையே சொல்லிக் கேட்டால் யாருக்குத்தான் ஆசையாக இருக்காது, நமக்கு வந்தது அதுவாகவே இருக்கட்டும் என்று? கோபத்தில் எனக்குக் குரல் ஏறிவிட்டது. "பேரைச் சின்னதா வச்சுட்டா சீக்கும் சின்னதாயிடுமா? மேல் லைன்காரர் மாதிரி சாகப் போறீங்களா? இந்தப் புள்ளைய என் தலையில கட்டிட்டுப் போயிடலாம்னு பாக்குறீங்களா?" என்று கத்தினேன். அக்கா சட்டென்று வாசலைப் பார்த்தாள். திரும்பினால், கையில் கசாயப் போத்தலோடு கங்காணியம்மா நிற்கிறார்.

கங்காணியின் மனைவியைத்தான் அப்படி அழைப்போம். எங்கள் கூட்டத்தில்தான் அவரும் கொழுந்து வெட்டினார். நாற்பது வயதிருக்கும். அவர் காதில் ஒரு சங்கதி விழுந்தால், காலைத் தேத்தண்ணிக்குள் அது அடுத்த ஊர் திரிங்காப் வரைக்கும் போய்விடும் என்று பெயர் எடுத்தவர். நான் கத்தியதில் எவ்வளவு அவர் காதில் விழுந்ததோ தெரியாது. அக்காவின் வாழ்க்கையை என் வாயாலேயே முடித்துவிட்டோமா என்று நினைத்தேன்.

அவர் போத்தலை மெதுவாக அடுப்பு மேடையில் வைத்தார். என்னைப் பார்த்து, "ஊசி என்னென்னிக்கு?" என்று கேட்டார்.

"திங்க, வியாழன்."

"செவ்வாயும் வெள்ளியுமா ஆக்க முடியுமான்னு டிரசரக் கேட்டு வா" என்றார். போய்விட்டார்.

டிரசருக்கும் ஒன்றும் புரியவில்லை. நடுவில் விழுகிற இடைவெளி ஒன்றுதானே, நாளை மாற்றுவதில் தப்பில்லை என்று ஒத்துக்கொண்டார். மறுநாள் கொழுந்துக் காட்டில் கங்காணியம்மா எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தார்: "தெரியுமா சேதி? இவ மாரியம்மனுக்கு நேந்துக்கிட்டு இருக்கா. செவ்வா வெள்ளி தவறாம காலைல வெளக்குப் போடணும். அடுத்த வருஷம் பொங்கல் வச்சு முடிக்கிற வரைக்கும்." அக்கா என்னைப் பார்த்தாள், நான் அக்காவைப் பார்த்தேன். அப்படி ஒரு நேர்த்திக்கடன் இருப்பது அந்த நிமிடத்தில்தான் எங்கள் இரண்டு பேருக்கும் தெரிய வந்தது.

தோட்டத்துக் கோயில் எங்கள் லயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதையில், ஆஸ்பத்திரியை ஒட்டியே இருந்தது. விளக்குப் போட்டுவிட்டு இறங்கினால் நான்கு எட்டில் டிரசர். கங்காணியம்மாவின் கணக்கு எனக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது. ஊசியை விடு என்று யாரும் சொல்லலாம். அம்மனுக்கு நேர்ந்துகொண்டதைப் பாதியில் விடு என்று எந்த வாய் சொல்லும்? பெரட்டுக்குப் பிந்தினால் கங்காணி முணுமுணுக்கலாம். அம்மன் வாசலிலிருந்து குங்குமத்தோடு வருகிறவளை என்ன சொல்வார்? அதிலும் வீட்டில் அந்தப் பெண்டாட்டியை வைத்துக்கொண்டு! அன்றிலிருந்து அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் பெயர் கூப்பிட்டார்.

விளக்குப் போட யாரும் தனியாகப் போவதில்லை. ஒவ்வொரு முறையும் ஒருத்தி கூட நடந்தாள். திரும்பும்போது அக்காவுக்குத் தலை சுற்றினால், கேட்காமலே ஒரு கை அவள் முழங்கையைப் பிடித்துக்கொள்ளும். ஒருத்தி எண்ணெய் கொடுத்தாள், ஒருத்தி திரி திரித்தாள், திரிங்காப் பூத்தோட்டத்தில் வேலை செய்யும் பெண் செவ்வந்தி கொண்டுவந்தாள். போகப் போக ஒவ்வொருத்தியும் தன் குறையையும் அந்த விளக்கில் ஏற்றத் தொடங்கினாள். "என் வூட்டுக்காரரு குடிய விடணும், ஒரு திரி சேத்துப் போடு." "மவளுக்குச் சுகப்பிரசவம் ஆவணும், சொல்லிக் கும்புடு." மழை கொட்டிய ஒரு வெள்ளிக்கிழமை, செவ்வாய்க்கிழமை குமட்டிய களைப்பே இன்னும் தீராமல், இன்று மட்டும் போகவில்லை என்று அக்கா போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். அந்தப் பிரசவத்துக்காரியின் அம்மா குடையோடு வந்து வாசலில் நின்றாள். "நீ படுத்துக்கிட்டா என் மவ கதி என்ன ஆவறது? எந்திரி!" என்று ஒரு அதட்டல். அக்கா எழுந்து போனாள். விளக்கு எரிந்தது, ஊசியும் ஏறியது. குழந்தையும் நல்லபடியாகப் பிறந்தது; அதற்கான நன்றியெல்லாம் அக்காவுக்கே கிடைத்தது.

எனக்குள்ளே ஒரு கேள்வி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. கங்காணியம்மாவுக்கு எவ்வளவு தெரியும்? மற்றவர்களுக்கு? யார் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. ஒருமுறை அக்கா வீட்டுக்கு விலக்காகி இருந்தாள். கோயிலுக்குப் போகக் கூடாத நாள், அதுவோ செவ்வாய்க்கிழமை. அப்பாடா, ஒருநாள் விடுமுறை என்று அவள் உட்கார்ந்துவிட்டாள். கங்காணியம்மா வந்து பார்த்தார். "வெளக்க நான் போட்டுக்கறேன். நீ வெளியே தெருவுல நின்னு கும்புட்டுட்டு அப்படியே எறங்கிப் போ. அம்மா வாசலுக்குத்தான் தீட்டு, ஊசிக்கு இல்ல" என்றார். வேண்டுதல் எதற்கு என்று அவர் ஒருபோதும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்று அவ்வளவு கிட்டத்தில் வந்துவிட்டுப் போனார்.

அடுத்த வருடம் டவுன் ஆஸ்பத்திரியில் மறுபடி படம் எடுத்துப் பார்த்தார்கள். நெஞ்சு சுத்தமாக இருந்தது. இனி மருந்து வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்து வந்த வெள்ளிக்கிழமையே பொங்கல் வைத்து நேர்த்திக்கடனை முடித்தோம். லயம் முழுக்க வந்தது. பெரிய மாமா ஒரு தூணுக்குப் பின்னால் நின்று, புகை கண்ணில் பட்டுவிட்டது என்று வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். புகை அடித்ததோ எதிர்ப்பக்கம். அதையும் நான் கேட்கவில்லை.

நான் சொல்ல வந்தது அதற்கு மறுநாள் நடந்தது. சனிக்கிழமை காலை, கொழுந்துக் காட்டில் தேத்தண்ணிக்கு உட்கார்ந்தோம். நான் வழக்கம்போல என் குவளையைப் பையிலிருந்து எடுத்தேன். பார்த்தால், வேறு யாரும் எடுக்கவில்லை. கங்காணியம்மா தகரத் தூக்கிலிருந்து தன் ஒரே குவளையில் தேத்தண்ணியை ஊற்றினார். ஊதி ஊதிப் பாதியைக் குடித்தார். மீதியை அக்காவிடம் நீட்டினார்.

அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. நான் கல்யாணமாகி வந்த புதிதில் இந்தக் கூட்டத்தில் ஒரே குவளைதான். எச்சில் என்ற பேச்சே இல்லாமல் வாய்வைத்துக் குடித்துவிட்டு அடுத்தவளுக்குக் கொடுப்பார்கள். முகம் சுளித்த என்னை, "பட்டணத்துப் பொண்ணோ" என்று கேலிகூடச் செய்தார்கள். அப்புறம் எப்போது ஆளுக்கொரு குவளை ஆனது? அக்கா வார்டிலிருந்து திரும்பிய வாரத்தில். ஒருத்தியும் ஒன்றும் சொல்லாமல், ஏதோ குவளை வாங்குவது புது மோஸ்தர் என்பதுபோல, ஒவ்வொருத்தியாகக் கொண்டுவந்தாள். நானும் ஒன்று வாங்கினேன். எதையும் ஏன் என்று கேட்கிற நான் இதை மட்டும் கேட்கவில்லை. ஆக, அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது, ஆரம்பத்திலிருந்தே. ஊசியை விட்டுத் தள்ளு என்றதுகூட, வறட்டு இருமலை நம்புவதாகக் காட்டிக்கொள்ளத்தான். ஒட்டாது என்று டிரசர் சொன்னது அவர்கள் யாருக்கும் தெரியாது. தொற்றிக்கொள்ளுமோ என்ற பயத்தை வயிற்றில் வைத்துக்கொண்டேதான் மழையில் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறார்கள்.

அக்கா குவளையை வாங்கவில்லை.

"குடி" என்றார் கங்காணியம்மா. "ஆறிடப் போவுது."

அக்கா வாங்கினாள். குவளையில் வாய்வைத்து ஒரு மடக்குக் குடித்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள். பிரசவத்துக்காரியின் அம்மா எட்டி அதைப் பிடுங்கினாள். "போதும், எல்லாத்தையும் நீயே குடிச்சுடாதே" என்று தான் ஒரு மடக்குக் குடித்தாள். அவளிடமிருந்து திரி திரித்தவளுக்குப் போனது. அவளிடமிருந்து இன்னொருத்திக்கு. அக்கா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். யாரும் அவளைத் தேற்றவில்லை, எல்லோரும் குவளையிலேயே குறியாக இருந்தார்கள். கூட்டத்தில் கடைசியாக உட்கார்ந்திருந்தவள் நான். என் கைக்கு வந்தபோது அடியில் கொஞ்சம் தூள்தான் மிச்சம் இருந்தது. அதையும் அண்ணாந்து வாயில் கவிழ்த்துக்கொண்டேன்.